ஏரிக்கரைப் பெரட்டு

1978 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். அது பழைய நேரம். மூன்று வருடம் கழித்து மலாய்த் தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்தினார்கள்; ஆகவே இன்றைய கணக்கில் அதை ஏழு நாற்பது என்று கொள்ள வேண்டும். தோட்ட ஆபீஸ் வராந்தாவில் தொங்கிய பழைய பாரன்ஹீட் வெப்பமானி அறுபத்தொரு டிகிரி காட்டியது. தூறல். மழை என்று சொல்ல முடியாது. குடை இல்லாமல் பத்து நிமிடம் நின்றால் சட்டை தோளில் ஒட்டும், அவ்வளவுதான். ஏரியின் மேல் பனி படிந்திருந்தது. அக்கரையில் இருந்த பதினேழு வீடுகளில் ஆறு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன.

அந்தப் பதினேழு வீடுகளுக்காகத்தான் நாங்கள் அன்று கூடினோம். முப்பத்தொரு பேர் வந்திருந்தோம், என்னையும் சேர்த்து.

நான் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிராணி. செக்ரோல் எழுதுவது என் வேலை. யார் வேலைக்கு வந்தார், எந்த மலையில் நின்றார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்பதை நாள்தோறும் எழுதி, மாதக் கடைசியில் சம்பளம் கூட்டுவது. இருபத்தெட்டு வருடம் அதையே செய்தேன். எண்ணுவது என் தொழிலாக இருந்து பிறகு என் வியாதியாகிவிட்டது என்று என் மனைவி சொல்வாள். மாடிப்படிகளை இன்னும் எண்ணித்தான் ஏறுகிறேன்.

ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஓர் ஓடையை மறித்துக் கட்டியது. பிறகு மின்சாரம் வந்தது, குழாய் வந்தது, ஏரியை எல்லோரும் மறந்துபோனார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை அனுமதி கிடைக்காமல் போனது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். தோட்டத்துச் சட்டம் அது. இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் போக, போக இடமில்லாதவர்கள் ஏரிக்கரையில் பலகையும் தகரமும் வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள். முதலில் நான்கு. பிறகு ஒன்பது. 1978இல் பதினேழு. மீன் பிடித்தார்கள், கோழி வளர்த்தார்கள், கீரை போட்டு தானா ராத்தா டவுனில் விற்றார்கள். லயத்தில் இருந்த எங்களுக்கு அவர்கள் அந்நியர்கள் இல்லை. ஒருவருக்கு அண்ணன், ஒருவருக்கு சம்பந்தி, பலருக்குப் பழைய பக்கத்து வீடு.

கெடுதல் மேலேயிருந்து வந்தது. ஏரிக்கு மேலிருந்த மலையைக் காய்கறித் தோட்டத்துக்காக வெட்டினார்கள். மழை பெய்தால் சிவப்பு மண் கரைந்து ஓடையில் இறங்கி ஏரியில் படியும். நான் ஒரு மூங்கிலில் அடிக்கு ஒரு வெட்டு வைத்து, பழைய மதகருகே விட்டுப் பார்ப்பேன். 1974இல் பதினோரு வெட்டு நனைந்தது. 1978 அக்டோபரில் ஏழு. ஏரி ஆழம் குறையக் குறைய நீர் கரையேறும். அந்த வருடம் தீபாவளிக்கு மறுவாரம் ஒன்பது வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கோழிக்காரம்மா என்று எல்லோரும் கூப்பிடும் விதவைக்கு இருபத்திரண்டு கோழிகள் செத்தன.

ஏதாவது செய்ய வேண்டுமென்று முதலில் சொன்னவர் கங்காணி. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஐம்பது பேரை மேய்ப்பவர். பெருத்த குரல், பெருத்த சிரிப்பு. எனக்குப் பத்தொன்பது வருடச் சிநேகிதர். சனிக்கிழமை மாலைகளில் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் ஒரே கோப்பியைப் பிரித்துக் குடிப்போம். அவர் பேசுவார், நான் கேட்பேன்.

"ஞாயித்துக்கிழமை என்னா செய்றீங்க கிராணியாரே? வீட்ல ஒக்காந்து ஓட்டுல எத்தன ஆணின்னு எண்ணுவீங்க. அதுக்கு வந்து மண்ணு அள்ளுங்க. ஒடம்புக்கும் நல்லதுலா."

கரையில் மண் அணை போடுவது, மதகு வாயை அடைத்த சேற்றை வாருவது, மேட்டில் மூங்கில் நடுவது. இதுதான் திட்டம். கூலி கிடையாது. மண்வெட்டிகளைத் தோட்டத்து ஸ்டோரிலிருந்து கங்காணியே கேட்டு வாங்கி வந்தார். தொழிற்சாலையிலிருந்து ஒரு பொட்டலம் தேயிலைத் தூளும். துரை முகம் சுளிக்காமல் கொடுத்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் அல்ல. அவர்கள் போய் வெகுநாள் ஆகியிருந்தது. மேனேஜர் யாராக இருந்தாலும் எங்களுக்குத் துரைதான்.

அந்த முதல் ஞாயிறு ஒரு விஷயம் நடந்தது. அன்று அதைப் பார்த்துச் சிரித்தேன்.

முப்பத்தொரு பேரும் கரைக்கு வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. பீடி பற்றவைத்தார்கள், ஏரியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்னாலா நிக்கிறீங்க, பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்றார் கங்காணி.

வரிசையில் நின்ற ஒரு வயசாளி சொன்னார்: "பேர் கூப்பிடாம எப்புடி எறங்குறது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் நகரவில்லை.

தோட்டத்தில் வேலை என்பது பெரட்டில் தொடங்குகிறது. விடியும்போது களத்தில் வரிசையாக நிற்க வேண்டும்; பேர் கூப்பிட வேண்டும்; தாளில் கோடு விழ வேண்டும். கோடு விழாத நாள் வேலை செய்யாத நாள். மூன்று தலைமுறையாக இப்படி. தங்கள் சொந்தக்காரர்களுக்காக, சும்மா, ஞாயிற்றுக்கிழமை மண் அள்ள வந்த இடத்திலும் அவர்களுக்குப் பெரட்டு வேண்டியிருந்தது.

என் பையில் ஆழக் கணக்குக் குறிப்பதற்காகப் பழைய செக்ரோல் தாள்கள் இருந்தன. ஆபீசில் புதுமாதிரித் தாள் வந்துவிட்டதால் பழையவை அலமாரியின் அடித்தட்டில் ஒரு கட்டாகக் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பின்பக்கத்தில் எழுதியிருக்கலாம். எத்தனையோ முறை நினைத்துப் பார்க்கிறேன், அன்று அதைத் திருப்பிப் போட்டு எழுதியிருந்தால் என்று. ஆனால் முன்பக்கத்தில் கட்டங்கள் தயாராக இருந்தன. பேர், வேலை, கூலி. மேலே தோட்டத்தின் பெயர் அச்சிட்டிருந்தது. நான் பேர் கூப்பிட்டேன். 'வேலை' என்ற கட்டத்தில் 'ஏரிக்கரை' என்று எழுதினேன். 'கூலி' என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு இழுத்தேன். அடியில் கங்காணி கையெழுத்துப் போட்டார், பழக்கம். அதன் கீழே நான் போட்டேன், பழக்கம்.

பேர் முடிந்ததும் ஒரே மூச்சில் எல்லோரும் சேற்றில் இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலை நாளும் ஒரு தாள். கோயில் திருவிழா, அடைமழை, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு இவற்றைக் கழித்து மூன்று வருடம் நான்கு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு ஞாயிறுகள் வேலை நடந்தது. நூற்றுப் பன்னிரண்டு தாள்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தேன். உரச்சாக்கில் மண் நிரப்பி அடுக்கிய அணை இருநூற்றுப் பதினெட்டு அடி நீளம். நட்ட மூங்கில் முளைகள் நானூற்றறுபது. பிடித்தவை முந்நூற்றுப் பதினொன்று. மதகருகே என் மூங்கிலில் எட்டாவது வெட்டு மறுபடி நனைந்தது. அன்று கங்காணி என்னைச் சேற்றுக் கையோடு கட்டிப்பிடித்தார். அந்தச் சட்டைக் கறை போகவில்லை.

அவர் ஏமாற்ற வந்தவர் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நெஞ்சளவு சேற்றில் அவரைப்போல் யாரும் நின்றதில்லை. ஒருமுறை தகரம் வெட்டி வலது கால் பெருவிரல் நகம் அப்படியே கழன்றது; துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் இறங்கினார்.

1979 நவம்பரில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை கரைக்கு ஓடினேன். தண்ணீர் கோழிக்காரம்மா வீட்டு வாசற்பலகைக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது. நின்றதுதான், ஏறவில்லை. அம்மா வாசலில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வர்லாமான்னு கேட்டுக்கிட்டு நிக்கிது ஐயா. நான் பதில் சொல்லல."

கூடை நிறைய முட்டை கொடுத்தார். வாங்கியதும் என் கண் தானாக எண்ணியது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"பதினாலு ஐயா. நான் எண்ணித்தான் வச்சேன். ஒங்களுக்குக் கொடுக்கிறதுன்னா எண்ணாம கொடுக்க முடியுமா?"

அணை வந்ததும் கரையில் ஒரு நீளத் துண்டு நிலம் காய்ந்து மேடானது. கறுப்பு மண். அதில் அவர்கள் காய்கறி போட்டார்கள். இரண்டு போகத்தில் திரிங்காப்பிலிருந்து லோரியில் வரும் காய்கறி முதலாளி தவுக்கே கூட வந்து நின்று பார்த்தார். "நல்ல மண்" என்றார். அந்தச் சொல்லில் ஆபத்து இருந்ததை நான் கவனிக்கவில்லை. நான் அப்போது கோசு எண்ணிக்கொண்டிருந்தேன்.

1982 தொடக்கத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. கரையில் இருப்பவர்கள் நில அலுவலகத்தில் விண்ணப்பித்தால் வருடாவருடம் புதுப்பிக்கும் தற்காலிக உரிமம் கிடைக்கலாம். ஏரி பழைய வரைபடத்தில் இருந்தது. கரை யாருடையது என்று அதில் இல்லை. எல்லைக்கல் எந்தச் சேற்றில் புதைந்ததோ. அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்தக் கரையை இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருந்தது யார்? அதற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள்.

ஆதாரம் என்னிடம் இருந்தது. பிஸ்கட் டின்னில். தேதியோடு, பேரோடு. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை என் எண்ணிக்கை யாருக்கோ உதவப் போகிறது என்று நினைத்தேன். கரையில் இருந்தவர்கள் அன்று எனக்கு மீன்குழம்பு சமைத்துப் போட்டார்கள். பதினேழு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். கோழிக்காரம்மா, "வாசல்ல நம்பர் தகடு அடிக்கலாமா ஐயா? எனக்கு ஏழாம் நம்பர் வேணும்" என்றார். தகடு கிடைத்தால் அவரை யாரும் எழுப்ப முடியாது. அவருக்கு வயது அறுபத்தொன்று. எழுப்பினால் போக இடமில்லை.

தாள்களை விசாரணைக்கு முன்பே நில அலுவலகத்தில் கொடுத்து நகல் எடுக்க வேண்டும். அது மாதக் கடைசி. சம்பளம் கூட்டும் வாரத்தில் கிராணிக்கு லீவு கிடையாது. படிக்கட்டில் கோப்பி குடிக்கும்போது கங்காணி சொன்னார்:

"குடுங்க கிராணியாரே, நான் கொண்டு போறேன். நாளைக்கி ஆஸ்பத்திரிக்கிப் போவணும், வழியிலதான்."

"நூத்திப் பன்னெண்டு இருக்கு. எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கணும்."

"சரிலா, சரிலா. நோட்டு மாதிரி எச்சி தொட்டு எண்ணிக் குடுக்கிறேன், போதுமா?"

டின்னோடு கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் இருபத்துமூன்றாகியிருந்தது; சிநேகிதரிடம் ரசீதா கேட்பது?

டின் நில அலுவலகத்துக்குப் போகவில்லை. மேட்டில் இருந்த துரை பங்களாவுக்குப் போனது.

விசாரணை நாளன்று கரையிலிருந்து இருபத்தாறு பேர் பஸ்ஸில் வந்திருந்தார்கள். கோழிக்காரம்மா பொங்கலுக்குக் கட்டும் மஞ்சள் சேலையில் இருந்தார். நான் அரை நாள் லீவு போட்டு வந்தேன். உள்ளே அதிகாரியின் மேசைக்கு ஒரு பக்கம் துரை உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் என் பிஸ்கட் டின்.

டின்னைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டதே என்று. என் புத்தி அவ்வளவுதான்.

அதிகாரி மலாயில் கேட்டார். பண்பாகத்தான் கேட்டார். ஒரு தாளை எடுத்து, "இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம்."

"நீங்கள் தோட்டத்துக் கிராணியா?"

"ஆமாம்."

"இது தோட்டத்தின் செக்ரோல் தாளா?"

"பழைய தாள், ஐயா. அலமாரியில் சும்மா கிடந்தது..."

"தோட்டத்தின் தாளா?"

"ஆமாம்."

நூற்றுப் பன்னிரண்டு தாள். தோட்டத்துப் பெயர் அச்சிட்டது. தோட்டத்துக் கங்காணி மேற்பார்வை பார்த்ததாகக் கையெழுத்து, தோட்டத்துக் கிராணி சரிபார்த்ததாகக் கையெழுத்து. மண்வெட்டி தோட்டத்துடையது, தேநீர் தோட்டத்துடையது. துரை அதிகம் பேசவில்லை. ஏரிக்கரையைத் தோட்டம் மூன்று வருடமாகத் தன் ஆட்களை வைத்துப் பராமரித்து வருகிறது, கரை தோட்டத்துடையது, அங்கே இருப்பவர்கள் அனுமதியின்றி இருப்பவர்கள் என்றார். கூலிக் கட்டத்தில் ஏன் வெறும் கோடு என்று அதிகாரி கேட்டார். அதிகாரி கெட்டிக்காரர். ஞாயிறு வேலையைத் தொழிலாளிகள் தோட்டத்தின் மேல் உள்ள பற்றினால் செய்தார்கள் என்றார் துரை.

பிறகு கங்காணியைக் கூப்பிட்டார்கள். அவர் தோட்டத் தரப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. புதுசு, மடிப்புக் கலையவில்லை.

"யார் சொல்லி இந்த வேலையைச் செய்தீர்கள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. டின்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் கங்காணிங்க. தொரை சொல்லாம நான் ஆள எறக்க முடியுமா?"

கேள்விக்குக் கேள்வியாகச் சொன்னார். பொய் என்று பிடிக்கக்கூட முடியாதபடி.

நான் எழுந்து ஏதோ சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்றேன், சும்மா என்றேன், பழக்கம் என்றேன். பெரட்டு இல்லாமல் எங்கள் ஆட்கள் வேலையில் இறங்க மாட்டார்கள் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னாலும் தோட்டத்துக்கு வெளியே யார் நம்புவார்கள்? அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், இந்தத் தாள்கள் தோட்டத்து வேலையைச் சேர்ந்தவை அல்ல என்று காட்ட ஏதாவது காகிதம் இருந்தால் பதினான்கு நாளுக்குள் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன் என்றார்.

வெளியே வந்தோம். கரைக்காரர்கள் என்னோடு பஸ்ஸுக்கு நடக்கவில்லை. கோழிக்காரம்மா மட்டும் நின்றார்.

"மழையில நின்னு நின்னு பேர் எழுதுனீங்களே ஐயா. இதுக்குத்தானா?"

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா."

"பங்களாவுல ஒங்களுக்கு என்னா குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கலம்மா."

"அப்ப சும்மாவா குடுத்தீங்க? அது இன்னும் மோசம்லா."

அன்று மாலையே கங்காணி வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"ஏன்யா இப்படிப் பண்ணுனே?" இருபத்துமூன்று வருடத்தில் அவரை முதன்முறையாக ஒருமையில் கேட்டேன்.

"நான் என்னா பண்ணுனேன்? நீங்க எழுதுனதத்தான் குடுத்தேன். ஒரு எழுத்து நான் சேர்த்தேனா? எண்ணிக்கூடக் குடுத்தேன். நூத்திப் பன்னெண்டு."

"அந்த அம்மா எங்க போவாங்க?"

"எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க கிராணியாரே. தவுக்கே அந்த நெலத்த எடுக்கப்போறாரு, தோட்டத்துக்கிட்டேருந்து. காய் ஏத்துற லோரி என்னோடது. தொரை சொல்லிட்டாரு. இன்னும் எத்தன வருசம் பொம்பளைங்க பின்னால கத்திக்கிட்டு மலை ஏறுவேன்?" பிறகு குரல் தாழ்த்திச் சொன்னார்: "நகம் போச்சே, அது முளைக்கவேயில்ல. பாத்தீங்களா?"

காலைக் காட்டினார். நான் பார்த்தேன். எனக்கு அவரை அடிக்கத் தோன்றியது, அழவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் திரும்பினேன். அவர் வாசலிலிருந்து என் வீட்டுக்கு முந்நூற்று நாற்பது தப்படி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நடக்கவில்லை.

இதுவரை எழுதியதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இனி எழுதப்போவதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

பதினான்கு நாளில் பதினோராம் நாள் சம்பள நாள். என் சம்பளச் சீட்டில் வழக்கமான பிடித்தங்களுக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. பெரிய கிராணி எழுதி, துரை சுருக்கொப்பம் போட்டிருந்தார். 'தோட்டத் தாள்களைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்தது, 112 தாள், தாளுக்கு ஐந்து சென்.'

மூன்று முறை படித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து நான்காம் முறை.

அதிகாரி கேட்ட காகிதம் அதுதான். தாள் சொந்த உபயோகம் என்று தோட்டமே எழுதியிருக்கிறது. துரையின் கையெழுத்தே இருக்கிறது. சொந்த உபயோகம் என்றால் தோட்டத்து வேலை இல்லை. ஐந்து சென் காகிதத்தைக்கூட விடாத துரையின் குணம் அவருக்கு எதிராகவே ஒரு சாட்சியை எழுதி என் கையில் கொடுத்திருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கவனிப்பதுதானே என் வேலை.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மறுநாள் துரை என்னைக் கூப்பிட்டார். எதற்கென்று தெரியாமல் போனேன். அவர் சீட்டைப் பற்றிப் பேசவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"கிராணி, உங்களுக்கு ரிட்டையர் ஆக இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம், சார்."

"நாள் கணக்கும் தெரியும் இல்லே?"

"எண்ணூத்தி அம்பத்தோரு நாள், சார்."

"நல்லது. கெடுத்துக்காதீங்க."

பதின்மூன்றாம் நாள் காலை லீவு போட்டு பஸ் ஏறினேன். சீட்டு பையில் இருந்தது. நில அலுவலகத்துக்கு ஒன்பது படிகள். ஐந்தாவது படியில் நின்றேன். லயத்து வீடு, மனைவியின் இருமல், ஈப்போவில் காலேஜ் படிக்கும் மகள், எண்ணூற்று ஐம்பது நாள். பக்கத்தில் ஒருவர் என்னைத் தாண்டி ஏறும்போது, "மேலே போகிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை, நீங்கள் போங்கள்" என்றேன். ஐந்து படி இறங்கினேன். எதிர்க்கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

பதினான்காம் நாள் யாரும் எந்தக் காகிதமும் கொண்டுபோகவில்லை.

ஜூன் மாதத்தில் பதினேழு வீடுகளும் பிரிக்கப்பட்டன. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அவர்களே ஆணி பிடுங்கி, பலகையை அடுக்கி, தகரத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பாதியாகப் போனார்கள். ஒரு பாதி கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டங்களில் கூலிக்கு. மறுபாதி மலையை விட்டே இறங்கிவிட்டது. கங்காணியின் லோரி அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. நீல நிறம். நாங்கள் அடுக்கிய அணையின் மேல் அது போய்வரப் பாதை போட்டார்கள். மூங்கில் நிழல் விழுகிறதென்று வெட்டிவிட்டார்கள். மேட்டு மண் மறுபடியும் இறங்கியது. நான் ஓய்வு பெற்ற மாதம் கடைசியாக என் மூங்கிலை விட்டுப் பார்த்தேன். நான்கு வெட்டு நனைந்தது.

எண்ணூற்று ஐம்பத்தொரு நாளையும் ஒரு நாள் குறையாமல் முடித்தேன். முடித்ததும் முப்பது நாளில் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தோட்டத்துச் சட்டம்.

1986இல் ஒருமுறை கம்போங் ராஜா பசாரில் கோழிக்காரம்மாவைப் பார்த்தேன். சாக்கை விரித்து முட்டை விற்றுக்கொண்டிருந்தார். நான் தலையைத் திருப்புவதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"கிராணி ஐயா! எளச்சிட்டீங்களே. வீட்டம்மா சோறு போடலையா?"

பேசினோம். ஒரு தோட்டத்து ஷெட்டில், உரமூட்டைகளுக்குப் பக்கத்தில் படுக்க இடம் கொடுத்திருக்கிறார்களாம். முழங்கால் வலியாம். பத்து முட்டையைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

"அன்னிக்கி ஒங்கள என்னென்னமோ பேசிட்டேன் ஐயா. அப்புறம் யோசிச்சேன். அந்தக் கங்காணிப் பய ஒங்களயும் சேர்த்துத்தான் ஏமாத்திட்டான். ஒங்க கையில என்னா இருந்திச்சி, பாவம்."

என் கையில் என்ன இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எண்ணிப் பாருங்க, பத்து சரியா இருக்கா?" என்றார்.

"சரியாகத்தாம்மா இருக்கும்" என்றேன். எண்ணவில்லை.

அந்தச் சம்பளச் சீட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. மடிப்பு நான்கு இடத்தில் கிழிந்துவிட்டது. பின்பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன். எனக்கு எழுபத்தேழு வயதாகிறது. கங்காணி போய்ச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. சாவுக்கு நான் போகவில்லை. அவர் எனக்குச் செய்ததைக் கூட்டிப் பார்க்க எனக்கு வராது. ஐந்தாவது படியில் நின்று நான் செய்ததற்கும் அப்படித்தான். ஏரிக்காக என் கையிலிருந்து போனது என்று காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான்: ஐந்து ரிங்கிட் அறுபது சென்.